சங்க இலக்கியக் கற்பித்தலில் இணையவழித் தேடல்: ஐங்குறுநூற்றை முன்வைத்து ஒரு மதிப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

கல்லூரித் தமிழ் வகுப்புகளில் இணையவழிக் கருவிகள் பெரிதும் பாடத்தை வழங்கவும் வினாடி வினா நடத்தவுமே பயன்படுகின்றன. மின்னூலகங்களில் உள்ள சங்கப் பனுவல்களையும் அவற்றில் சொற்களைத் தேடும் வசதியையும் மாணவரின் ஆக்கத்திறனை வளர்க்கும் பயிற்சிக் களமாகக் கொள்ள இயலும் என்பதை ஐங்குறுநூற்றைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. இலக்கண அறிவும் நூலமைப்பறிவும் இல்லாதவிடத்துத் தேடல் பிழைபடுகிறது. அப்பிழைபடும் இடங்களே கற்பித்தலுக்கு வளமான இடங்கள் என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: இணையவழிக் கற்பித்தல், ஐங்குறுநூறு, சொல் தேடல், புணர்ச்சி, கருப்பொருள், மெய்ப்புப் பார்த்தல்.

முன்னுரை

தன்னார்வலர்களின் உழைப்பால் 1998ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை எவரும் கட்டணமின்றிப் பெறும் நிலையை உருவாக்கியது. தமிழ் இணையப் பல்கலைக்கழகம் என 2001இல் தோன்றிப் பின்னர்த் தமிழ் இணையக் கல்விக்கழகம் எனப் பெயர் மாற்றம் பெற்ற நிறுவனத்தின் மின்னூலகம் மூலங்களோடு உரைகளையும் அகராதிகளையும் ஓரிடத்தில் தருகிறது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி, சிகாகோ பல்கலைக்கழகத்தின் வழியாக இணையத்தில் தேடத்தக்க வடிவில் கிடைக்கிறது. ஒரு தலைமுறைக்கு முன்னர்ப் பெருநூலகங்களை நாடிச் சென்றோர்க்கே வாய்த்த இவ்வளம் இன்று மாணவரின் கைபேசியில் உள்ளது. வகுப்பறை இதனை எவ்வாறு பயன்கொள்கிறது என்பதே வினா.

கருவியும் கற்பித்தல் நோக்கமும்

2020இல் பரவிய பெருந்தொற்று, ஆசிரியர் அனைவரையும் இணையவழிக்குக் கொண்டுசேர்த்தது. சூம், கூகுள் வகுப்பறை, யூடியூப் முதலியன தமிழ் வகுப்புகளிலும் இடம்பெற்றன. எனினும், கரும்பலகையில் எழுதிய குறிப்பு படவில்லையாக மாறியதும், வாய்மொழித் தேர்வு கஹூட் வினாவாக மாறியதும் கற்றலின் தன்மையை மாற்றிவிடவில்லை. ஆசிரியர் தருவதை மாணவர் பெறுகிறார் என்னும் உறவு அப்படியே தொடர்ந்தது. கருவிகளைப் பட்டியலிட்டு, அவை மாணவரின் ஆர்வத்தைத் தூண்டும் என்று முடிக்கும் கட்டுரைகளின் குறையும் இதுவே. எந்தக் கருவி எந்தப் பாடத்தின் எந்தச் சிக்கலைத் திறக்கிறது என்பதை அவை காட்டுவதில்லை. ஆக்கத்திறன் என்பது வண்ணமும் அசைபடமும் அன்று. விடை முன்கூட்டியே தீர்மானிக்கப்படாத ஒரு வினாவை மாணவர் தாமே அணுகுவதாகும். அத்தகைய வினாவுக்கு ஐங்குறுநூறு ஏற்ற களமாகிறது.

புணர்ச்சி அறியாத தேடல்

ஐங்குறுநூறு, மருதம் முதலாக ஐந்து திணைக்கும் நூறு நூறு பாடல்களாக ஐந்து புலவர் பாடிய தொகை. ஒவ்வொரு நூறும் பத்துப் பத்தாகப் பகுக்கப்பட்டுள்ளது. குறிஞ்சியில் வரும் குரக்குப் பத்து, கேழற் பத்து ஆகிய தலைப்புகளையே தேடலுக்கு உட்படுத்தலாம். ‘குரங்கு’ எனத் தேடும் மாணவருக்குக் ‘குரக்குப் பத்து’ கிட்டாது, மென்தொடர் வன்தொடராகிவிட்டது. ‘கேழல்’ எனத் தேடினால் ‘கேழற் பத்து’ கிட்டாது. லகரம் றகரமாகத் திரிந்துவிட்டது. ‘கோட்டெருமை’ என்னும் தொடரில் ‘கோடு’, ‘எருமை’ என்னும் இரு சொற்களும் கருவிக்கு அகப்படுவதில்லை. முன்னது இரட்டித்து நிற்கிறது. பின்னதன் முதலெழுத்தாகிய எகரம் உயிர்மெய்யில் கரைந்து வரிவடிவை இழந்துவிட்டது. மறுபுறம், ‘கல்’ எனத் தேடினால் ‘பகல்’, ‘அகல்’ ஆகியனவும் வந்து குவிகின்றன.

கருவி எழுத்துகளின் வரிசையை மட்டுமே ஒப்பிடுகிறது; சொல்லை அறிவதில்லை. எனவே தேடலைத் தொடங்குமுன், ஒரு சொல் புணர்ச்சியில் எய்தக்கூடிய வடிவங்கள் அனைத்தையும் மாணவர் ஊகித்துப் பட்டியலிட வேண்டியதாகிறது. நன்னூல் நூற்பாக்களை மனனம் செய்து தேர்வில் எழுதும் மாணவர், அவற்றைக் கொண்டு ஒன்றைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பைப் பெறுவது இங்கேதான். சந்தி பிரித்த பதிப்புகள் இவ்விடர்ப்பாட்டைக் குறைக்கும் எனலாம். ஆயின் சந்தி பிரித்தல் பதிப்பாசிரியரின் பொருள்கோளைச் சார்ந்தது; பிரித்த வடிவையும் பிரியாத வடிவையும் ஒப்பிடுவதே தனியொரு பயிற்சியாகும்.

பொருள் மயக்கமும் எண்ணிக்கை மயக்கமும்

மருதத்தில் அமைந்த வேழப் பத்தைக் காணும் இக்கால மாணவர் யானையை எதிர்பார்ப்பார். ஆங்கு வேழம் என்பது நீர்க்கரையில் வளரும் நாணல் இனத்துப் புல்லாகும். அதே நூற்றில் உள்ள கள்வன் பத்து, திருடனைப் பற்றியதன்று, நண்டைப் பற்றியது. ‘நண்டு’ என்று தேடுவோர்க்கு அப்பத்து முழுமையும் தப்பிவிடும். களவன் என்னும் பாடமும் வழங்குதலின், பாடவேறுபாட்டையும் கருத்தில் கொள்ள நேர்கிறது. இவ்விடத்தில் பேரகராதியும் உரையும் தேடலுக்குத் துணையாக வந்து சேர வேண்டும்.

எண்ணிக்கையும் மயக்கம் தரவல்லது. ஒவ்வொரு திணைக்கும் நூறு பாடல் என்பதால் திணைகளுக்கிடையே கருப்பொருள்களை எண்ணி ஒப்பிடுவது எளிதெனத் தோன்றும். ஆனால் நெய்தலில் 129, 130ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. அதனினும் முதன்மையானது, பத்துகளின் அமைப்பு. எருமை மருதத்தில் மிகுதியாக வருவதற்கு எருமைப் பத்து என்னும் பகுப்பே பெருங்காரணம். எனவே அவ்வெண், மருதநில வாழ்வில் எருமைக்கு இருந்த இடத்தைக் காட்டுகிறதா, தொகுப்பின் கட்டமைப்பைக் காட்டுகிறதா என்னும் வினா எழுகிறது. தரவைக் கொண்டு முடிவுரைக்குமுன் தரவு உருவான முறையை ஆராய வேண்டும் என்னும் ஆய்வுநெறியை இளங்கலை மாணவர்க்கு இதனினும் எளிதாக உணர்த்துதல் அரிது.

மெய்ப்புப் பார்த்தல் என்னும் பயிற்சி

தேடலின் நம்பகத்தன்மை பனுவலின் தூய்மையைப் பொறுத்தது. தமிழ் விக்கிமூலத்தில் நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களின் பக்கப்படங்களும், எழுத்துணரி தந்த பாடமும் அருகருகே உள்ளன. ஒருவர் மெய்ப்புப் பார்த்த பக்கம் மஞ்சள் நிறமும், மற்றொருவர் சரிபார்த்த பின் பச்சை நிறமும் பெறுகிறது. ரகரமும் துணைக்காலும் மயங்குதல், 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முந்தைய ணா, றா, னா, ணை, லை, ளை, னை ஆகியவற்றின் வடிவங்களை எழுத்துணரி தவறாகப் படித்தல் முதலியவற்றை மாணவர் நேரில் காண்கின்றனர். பதிப்புக்கலை பற்றிய பாடம் ஏடும் உ. வே. சாமிநாதையரும் பற்றிய வரலாற்றுச் செய்தியாக நின்றுவிடாமல், கையால் செய்தறியும் தொழிலாகிறது. மாணவர் திருத்திய பக்கம் தேர்வுத்தாளைப் போல மறைந்துபோகாமல் அடுத்த வாசகருக்குப் பயன்படுகிறது.

வரம்புகள்

கைபேசித் திரையில் பக்கப்படத்தையும் பாடத்தையும் ஒருங்கே வைத்துப் பார்த்தல் கடினம். கணினி ஆய்வகம் அறிவியல் துறைகளுக்கே உரியது என்னும் எண்ணம் நிலவும் கல்லூரிகளில் தமிழ் மாணவர்க்கு இப்பயிற்சி எட்டாது. குழுவாகப் பணியாற்றச் செய்வது இதற்கு ஓரளவே தீர்வாகும். பட்டியல் தயாரித்தல், தவறிய தேடலுக்குக் காரணம் கூறல் ஆகியவற்றுக்கு அகமதிப்பீட்டில் மதிப்பெண் ஒதுக்கப்படாவிடின், இவை ஆர்வமுள்ள சிலரின் கூடுதல் பணியாகவே சுருங்கும். வகுப்பின் எண்ணிக்கை பெருகுமிடத்து ஒவ்வொரு பட்டியலையும் திருத்தும் சுமை ஆசிரியர் மீது விழும் என்பதும் மறுக்கவியலாதது.

முடிவுரை

இணையவழிக் கருவி விடையை உடனே தருவதால் மாணவரின் வாசிப்பு மங்கும் என்னும் அச்சம் தமிழாசிரியரிடையே உண்டு. விடையை மட்டும் கேட்கும் வினாவுக்கு அவ்வச்சம் பொருந்தும். கருவி ஏன் இச்சொல்லைக் காணவில்லை, ஏன் இவ்வெண் மிகுந்தது என்று கேட்கும் வினா, மாணவரை மீண்டும் பாடலிடமும் உரையிடமும் இலக்கணத்திடமும் அனுப்புகிறது. ஆகவே பாடத்திட்டக் குழுக்கள் புதிய மென்பொருள்களைப் பரிந்துரைப்பதினும், ஏற்கெனவே கைவசமுள்ள மின்னூலகங்களைக் கொண்டு இத்தகைய வினாக்களைத் தாள்தோறும் வகுப்பது பயனுடையது. புணரியலைத் தனித்தாளாகவும் சங்க இலக்கியத்தை வேறொரு தாளாகவும் பிரித்துக் கற்பிக்கும் வழக்கத்தையும் அது மறுசிந்தனைக்கு உட்படுத்தும்.