குறியீட்டுப் பரம்பரைகளும் எங்கள் மலைநாட்டுக் கையும்

மலர்க்குழுத் தம்பிமார் வீட்டுக்கே வந்து, "பி-அண்ட்-ஐ படக் குறியீடுகளைப் பற்றி நீங்கள்தான் எழுதித்தர வேணும், ஐயா" என்றபோது என்னால் தட்ட முடியவில்லை. இந்தச் சங்கத்துக்கு அத்திவாரம் போட்ட மூத்தவர்களில் பெரும்பாலோர் காலமாகிவிட்டார்கள். அவர்களுடைய மேசையில் பென்சில் சீவிக் கொடுத்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். வாசிக்கப் போகிறவர்கள் அங்கத்தவர்கள். ஆகவே குமிழி என்றால் என்ன, அதன் நடுவே கோடு ஓடினால் கருவி எங்கே இருக்கிறது என்பதையெல்லாம் விளக்கப் போவதில்லை.

நம் மலைக்கு முதலில் வந்தது பிரித்தானியக் கை. பெல்ஃபாஸ்டில் இருந்து டேவிட்சன் கம்பனியின் சிரொக்கோ ட்ரையரும், கெய்ன்ஸ்பரோவில் இருந்து மார்ஷல் கம்பனியின் ரோலரும் ஸ்டோருக்கு வந்தபோது படங்களும் கூடவே வந்தன. நான் தொட்டுப் பார்த்த பழைய தாள்களில் குறியீடு குறைவு. பொருளையே வரைந்திருப்பார்கள், வால்வுக் கைச்சக்கரத்தின் ஆரங்களைக்கூட எண்ணலாம். பி.எஸ். 1553 பழக்கத்துக்கு வந்த பிறகுதான் முனையோடு முனை முட்டிய இரண்டு முக்கோணம் வால்வு என்று ஸ்டோரில் ஆனது. அமெரிக்கப் பரம்பரை வேறு வழியில் வந்தது. 1945இல் பிட்ஸ்பர்க்கில் தொடங்கிய கருவியியல் சங்கமான ஐ.எஸ்.ஏ., 1949இல் தன் முதல் பரிந்துரையை வெளியிட்டது. அதன் 1984ஆம் ஆண்டுப் பதிப்புத்தான் நம்மில் பலருக்கு வேதம். 2009இல் வந்ததை என் வயதுக்காரர்கள் புரட்டிப் பார்த்ததோடு சரி.

மின்நிலையங்கள் இல்லாவிட்டால் இந்த இரண்டோடு நின்றிருப்போம். விமலசுரேந்திர 1918இல் பொறியியலாளர் சபையில் நீர்மின்சாரம் பற்றிக் கட்டுரை வாசித்தார். அவர் கனவு கண்ட லக்சபான 1950இல்தான் ஓடியது. 1965இல் நோர்ட்டனில் அவர் பெயராலேயே ஒரு நிலையம் வந்தது. பிறகு மகாவலித் திட்டம். எந்த நாட்டுப் பணம் வருகிறதோ அந்த நாட்டுப் படத்தாளும் வரும். 1985இல் இயங்கத் தொடங்கிய கொத்மலைக்கு சுவீடன், விக்டோரியாவுக்கு பிரித்தானியா, ரந்தெனிகலைக்கு ஜேர்மனி, 2012இல் தலவாக்கலையில் வந்த மேல் கொத்மலைக்கு ஜப்பான். ஹட்டனில் பஸ் ஏறினால் ஒரு நாளுக்குள் நாலு தேசத்துக் கையெழுத்தை வாசித்துவிட்டு வரலாம். வேறெந்த மலைக்கு இந்தப் பாக்கியம் வாய்த்திருக்கிறது?

பாக்கியந்தான், ஆனால் சுமையும் கூட. ஜேர்மன் வழியான டின் 19227ஐயும் ஐ.எஸ்.ஏ.யையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 'பி' அமுக்கம், 'எஃப்' பாய்ச்சல், 'எல்' மட்டம், 'டி' வெப்பம் என்பதில் சண்டை இல்லை. 'இஸட்' வந்ததும் வழி பிரிகிறது. அமெரிக்கர் அதை முதலெழுத்தாகப் போட்டால் ஒன்றின் இருப்பு நிலை. ஜேர்மனியர் பின்னெழுத்தாகப் போட்டால் அது ஆபத்தில் தானாகவே நிறுத்தும் ஏற்பாடு. 'ஜி'யும் அப்படித்தான். 'எல்-ஜி' என்று குமிழியில் கண்டால் பாய்லரின் நீர்மட்டக் கண்ணாடி என்று அமெரிக்க வழியில் படித்தவன் சொல்வான். ஜேர்மன் வழியில் 'ஜி' முதலில் வந்தால் தூரம் அல்லது நிலை. தரத்தை அளப்பதற்கு அங்கே 'கியூ', இங்கே 'ஏ'. மட்டம் கூடினால் மணி அடிக்க வேண்டும் என்பதை ஜேர்மனியர் கூட்டல் குறியால் சொன்னார்கள், அமெரிக்கர் 'எச்' என்று எழுதினார்கள். விசையாழி கவர்னரின் எண்ணெய்ப் படமோ ஐ.எஸ்.ஓ. 1219ஐச் சேர்ந்த தனிக் குடும்பம். அங்கே வால்வு என்பது முக்கோணமே அல்ல, ஒட்டி நிற்கும் சதுரப் பெட்டிகள். எந்தப் பரம்பரை உயர்ந்தது என்ற வாதத்துக்கு நான் வரவில்லை. ஒரே தாளில் இரண்டைக் கலப்பதைத்தான் நாங்கள் பாவம் என்று படித்தோம்.

அப்படிப் படிப்பித்தவர் எங்கள் மாஸ்டர் ஐயா. பெயர் சொல்ல வேண்டியதில்லை, நம் சங்கத்தில் 'மாஸ்டர்' என்றால் ஒருவர்தான். பதினாறு வயதில் கொழும்பில் தாள் பிரதி எடுக்கும் பையனாகச் சேர்ந்து, பிறகு மலைக்கே திரும்பி வந்தவர். நாங்கள் ஆறு பேர் எழுபதுகளில் அவரிடம் இருந்தோம். முதல் மூன்று மாதம் வட்டம் மட்டும். சுமார் 11 மில்லிமீற்றர் குமிழி. அச்சுத்தட்டு வைத்தும், பிறகு வைக்காமலும். காரணத்தை அவர் ஒரு அமோனியாப் பிரதியைக் காட்டி விளங்கப்படுத்தினார். நடுவில் வெறும் வட்டம் இருந்தால் போல் வால்வு, கறுத்த புள்ளி இருந்தால் குளோப் வால்வு. வட்டத்தைச் சின்னதாகப் போட்டால் பிரதிக்குப் பிரதி எடுக்கும்போது உள்ளே மை அடைத்துக்கொள்ளும். மூன்றாவது பிரதியில் போல் வால்வு குளோப் வால்வாகிவிடும், வரைந்தவனுக்கே தெரியாது. "உன் தாள் உன் கையில் இருக்கும்போது சரியாயிருந்தால் போதாது. கடைசியாக அதை வாசிக்கிறவன் ராத்திரி ஷிஃப்டில், கரி படிந்த லைட்டுக்குக் கீழே நிற்கிறான்" என்பார்.

தேயிலைக்கென்று அவர் செய்ததை வெளியூர்ப் பொறியியலாளர்கள்கூட வியந்திருக்கிறார்கள். வாட்டும் தட்டில் ஈரக்குமிழ் வெப்பமானியும் உலர்குமிழ் வெப்பமானியும் சோடியாகத் தொங்கும். படத்தில் இரண்டுக்கும் தனித்தனிக் குமிழி போடுவதுதான் வழக்கம். மாஸ்டர் ஒரே குமிழி போட்டு 'டி-டி-ஐ' என்று எழுதினார். வெப்ப வித்தியாசம் காட்டி. ஐ.எஸ்.ஏ. விதியில் இரண்டாவதாக நிற்கும் 'டி' வித்தியாசத்துக்குரியது, ஆகவே இலக்கணம் சுத்தம். டீமேக்கர் பார்ப்பதும் அதைத்தானே? இரண்டு வாசிப்பையும் அவர் தனித்தனியே பார்ப்பதில்லை. கழித்து வரும் தொகைதான் காற்று எவ்வளவு ஈரத்தை இன்னும் குடிக்கும் என்று சொல்கிறது, அதைக்கொண்டுதான் சூட்டுக்காற்றைத் திறப்பார். ட்ரையருக்கும் இதே கவனம். உள்ளே போகும் காற்று பாரன்ஹீட்டில் 200 அளவில், வெளியேறுவது 130 அளவில். வெளியேறும் சூடு இறங்கினால் இலையை மெல்லிசாகப் பரப்ப வேண்டும். அந்த வெளிச்சூட்டுக் குமிழியில் இருந்து இலை பரப்பும் இடத்துக்கு ஒரு கோடு இழுத்து, நடுவில் கையால் இயக்குவதற்கான 'எச்' குமிழியை வைத்தார். நடுவில் நிற்பது ஒரு மனிதன் என்று அந்தப் படம் ஒத்துக்கொண்டது. நான் வேறு எங்கும் இப்படிக் கண்டதில்லை.

இப்போதைய நிலையைப் பற்றியும் எழுதச் சொன்னார்கள். யாரையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை. திறமையான இளைஞர்கள் இருக்கிறார்கள், அவர்களில் சிலர் நம் அங்கத்தவர்களின் பிள்ளைகள். ஆனால் அண்மையில் கையில் கிடைக்கும் படங்களில் குறிவிளக்கத் தாளே இல்லை. கம்ப்யூட்டரில் இருக்கும் குறியை இழுத்துப் போடுகிறார்கள்; அது எந்தப் பரம்பரைக் குறி என்று கேட்டால் "சாஃப்ட்வேரில் இருந்தது" என்கிறார்கள். அமுக்கமானிக்கு ஒரு தாளில் 'பி-ஐ', அடுத்த தாளில் 'பி-ஜி'. கோடுகள் குறுக்கிடும் இடத்தில் ஒருமுறை வளைவு, ஒருமுறை இடைவெளி, ஒருமுறை ஒன்றுமே இல்லை, இரண்டு குழாயும் ஒன்றாகச் சேர்ந்ததுபோல. மூடியே வைக்க வேண்டிய வால்வின் முக்கோணத்தைக் கறுப்பாக்கும் வழக்கம் நமக்குத் தெரியும். அதைச் சொல்ல ஒரு விளக்கத் தாள் இல்லையென்றால் புதியவனுக்கு அது வெறும் கறுப்பு.

அம்புக்குறி போனதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. காற்றோ எண்ணெயோ அற்றுப்போனால் வால்வு திறந்து நிற்குமா, மூடி நிற்குமா? மேல்நோக்கிய அம்பு திறக்கும், கீழ்நோக்கிய அம்பு மூடும். இரண்டு மில்லிமீற்றர் கோடு. நம் மின்நிலையங்கள் பலவற்றில் விசையாழிக்கு முன்னால் நிற்கும் பெரிய வால்வு எண்ணெய் அமுக்கத்தில் திறந்து, பாரக்கல்லின் எடையில் மூடுகிறது. அமுக்கம் போனால் தண்ணீர் தானே நிற்கும். மலை உச்சியில் இருந்து இறங்கும் குழாயின் அடியில் வேலை செய்கிறவனின் உயிர் அந்தக் கீழ்நோக்கிய அம்பில் இருக்கிறது. ஓரிடத்தில், ஊர் வேண்டாம், அம்பு இல்லாத படத்தைப் பார்த்து ஒரு பையன் காற்றுக் குழாயைக் கழற்றினான். வால்வு மூடும் என்று நினைத்தான், அது திறந்தது. நீராவியில் அவன் கை முழங்கை வரை வெந்துபோனது. ஆஸ்பத்திரியில் நான்தான் பக்கத்தில் இருந்தேன். அவன் கேட்டது, "படத்தில் இல்லையே, மாமா?" என்ற ஒன்றைத்தான்.

அதற்குப் பிறகு இதைச் சின்ன விஷயம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. அம்பு போடாதவன் நாளைக்குத் திருத்த எண்ணையும் போடமாட்டான். குழாய் மாற்றிய பிறகு படத்தை மாற்றமாட்டான். பத்து வருடத்தில் ஸ்டோரில் இருப்பது ஒன்று, அலுமாரியில் இருப்பது வேறொன்று. அப்போது தன் ஸ்டோரைத் தானே வாசிக்க முடியாத ஒரு தலைமுறை நிற்கும். எங்கள் அப்பன் பாட்டன் எழுத்தறியாமல் சுமந்து கட்டிய இயந்திரங்களை, எழுதத் தெரிந்த நாம் எழுதாமல் விட்டோம் என்றாகும். லயத்தில் இருந்து பேனை பிடிக்க வந்தவர்கள் நாம். நமக்கு அந்த அலட்சியம் கட்டாது.

மாஸ்டர் தன் கையால் வரைந்த குறிவிளக்கத் தாளின் அமோனியாப் பிரதி ஒன்று நம் செயலாளர் வீட்டு அலுமாரியில், தகரக் குழாய்க்குள் சுருட்டி வைத்திருக்கிறது. பிரதி வெளுத்து வருகிறது. வெளிச்சத்தில் விரித்து வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மூலத் தாளில் கீழ் வலது மூலையில் ஐந்து கட்டங்களை அவர் வெறுமையாக விட்டிருந்தார், இனி வரும் குறிகளுக்காக. அவற்றில் முதலாவதை நிரப்பியது டி-டி-ஐ. பார்க்க விரும்புகிற தம்பிமார் ஞாயிறு காலையில் வரலாம். அமோனியா வாசனை பிடிக்காதவர்கள் கைலேஞ்சி கொண்டு வாருங்கள்.