பெட்ஸ்ல் நாமிக்: பாறை ஏறியவர் கையில் முதல் ஐஸ் டூல்

பாறையில் பிடி ஏற்கெனவே இருக்கும். தேடி விரலைக் கொடுத்தால் போதும். பனிச்சுவரில் ஒவ்வொரு பிடியையும் நாமே உண்டாக்க வேண்டும். பாறையேற்றம் பழகியவருக்கு அந்த வேலையைக் கருவி எவ்வளவு எளிதாக்குகிறது என்பதே இந்த விமர்சனத்தின் அளவுகோல். பிரான்ஸின் பெட்ஸ்ல் நிறுவனம் தயாரிக்கும் நாமிக் ஐஸ் டூல் ஜோடியை அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், யூரே ஐஸ் பார்க்கில் சோதித்தேன். அன்கம்பாக்ரே ஆற்றின் குறுகிய பள்ளத்தாக்குச் சுவர்களில் குழாய்வழியே நீர் தெளித்து உறையவைக்கிறார்கள். கயிற்றை மேலே கட்டி ஏற முடிவதால் புதியவர்கள் பழகத் தோதான இடம்.

அமைப்பு: ஒரு டூலின் எடை சுமார் 600 கிராம். தண்டு நன்றாக வளைந்தது. கைப்பிடியின் அடியில் சுண்டுவிரலைத் தாங்க ஒரு திண்டு. கையின் அளவுக்கேற்ப அதை மாற்றிவைக்கலாம். கைவார் கிடையாது. நழுவினால் கீழே போய்விடாமல் இருக்க, இடுப்புப் பட்டையோடு தனி நாடாவால் இணைத்துக்கொள்ளலாம்.

வீச்சு: முழங்கையை உயர்த்தி, கடைசி நொடியில் மணிக்கட்டைச் சொடுக்க வேண்டும், சுவரில் ஆணி அடிக்கும் அதே அசைவு. புடைத்த இடத்தில் அடித்தால் பனி தட்டுத் தட்டாகப் பெயர்ந்து முகத்தில் விழுகிறது. குழிந்த இடத்தில் அடித்தால் ‘தொக்’ என்று கனத்த சத்தம். டூலின் கூர்முனையான அலகின் பற்கள் கடித்துக்கொள்கின்றன. டூலின் தலைப்பகுதி எடை சரியாக இருப்பதால் தோள்பலம் அதிகம் தேவைப்படவில்லை. சிக்கிய அலகைக் கழற்ற, தண்டை மேலும் கீழும் அசைக்க வேண்டும். பக்கவாட்டில் திருகினால் அலகு முறியக்கூடும்.

பிடி: நாமிக்கின் பெரிய பலம் இதுதான். பாறைப் பழக்கத்தில் விரல்கள் இறுக்கிப் பிடிக்கும். தலைக்கு மேல் தூக்கிய கையில் ரத்தம் குறைந்து விரல் மரத்துப்போகும். இங்கே திண்டு எடையை வாங்கிக்கொள்வதால் பிடியைத் தளர்த்தியே தொங்க முடிகிறது.

கால்: டூல் எவ்வளவு நல்லதானாலும் உடல் எடையைக் கிராம்பான் (காலணியின் அடியில் மாட்டும் முள்தகடு) அணிந்த கால்களே சுமக்க வேண்டும். பாறையில் எட்டிப் பிடிக்கக் குதிகாலை உயர்த்துவோம். பனியில் அப்படிச் செய்தால் முன்முட்கள் நெம்பி வெளியே வந்துவிடும். குதிகால் தாழ்ந்தே இருக்கட்டும்.

குறை: சரிவான பனியில் ஊன்றி நடக்க இந்த வளைந்த தண்டு வசதிப்படாது. பனியைக் கொத்தி வழியமைக்கும் மண்வெட்டி போன்ற தகடும் இல்லை. மலைப்பயணத்துக்கும் சேர்த்து ஒரே ஜோடி வேண்டுவோர் அதே நிறுவனத்தின் குவார்க்கைப் பார்க்கலாம்.

தீர்ப்பு: செங்குத்துப் பனிக்கு நாமிக்கைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஆனால் முதல் பருவத்தில் வாடகைக்கு எடுங்கள். எடுக்குமுன் அலகு கூர்மையாக இருக்கிறதா என்று பாருங்கள். கயிறு மேலே இருக்கும்வரை தைரியமாகப் பழகுங்கள். முன்னின்று கயிறு இழுத்து ஏறும் ஆசையைத் தள்ளிப்போடுங்கள். பாறையில் விழுந்து பழகுவது பயிற்சியின் பகுதி. ஆனால் கிராம்பானோடு விழுந்தால் முட்கள் பனியில் மாட்டிக் கணுக்கால் முறியக்கூடும்.