மூணு லைட்டும் ஒரே மூஞ்சியும்

போன வாரம் ஹார்ட் டிஸ்கில் இடமில்லாமல் பழைய ஃபைல்களை அழிக்க உட்கார்ந்தேன். ஃபைனல் ஃபேண்டஸி 14 ஸ்க்ரீன்ஷாட் ஃபோல்டர் மட்டும் ஆயிரத்துச் சொச்சம் படம். எல்லாம் என் கேரக்டரை நானே எடுத்தது. வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனபோது ஒரு விஷயம் உறுத்தியது. எந்தப் படம் எந்த ஊரில் எடுத்தது என்றே எனக்குத் தெரியவில்லை. மூஞ்சி இருக்கு, டிரெஸ் இருக்கு, பின்னாடி பச்சையாகவோ நீலமாகவோ ஒரு கலங்கல். அவ்வளவுதான்.

இது என் ஒருத்தியோட கோளாறு இல்லை. இந்த கேமின் படங்களை இணையத்தில் தேடிப் பாருங்கள். பாதிக்கு மேல் இதே அச்சில்தான் இருக்கும். படம் நல்லா வரணும்னு முகத்தைத் துடைச்சுத் துடைச்சு, கடைசியில் ஆளையும் இடத்தையும் சேர்த்து அழிச்சிடறோம். ஏன் இப்படி ஆகுது, எப்படி மாத்தலாம் என்பதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஆடாதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். இந்த கேமில் படம் எடுப்பதற்கென்றே ‘குரூப் போஸ்’ என்று ஒரு வசதி உண்டு. அதற்குள் போனால் கேரக்டரின் அசைவைப் பாதியில் நிறுத்தலாம், பின்னணியை மங்கலாக்கலாம், ஃபில்டர் போடலாம், ஃப்ரேம் மாட்டலாம். முக்கியமாக, மூன்று விளக்கு வரை வைக்கலாம். ஒவ்வொன்றின் நிறத்தையும் மாற்றலாம். ஒரு போட்டோ ஸ்டுடியோவே கையில் இருக்கிற மாதிரி. பிரச்சினையும் அங்கேதான் ஆரம்பிக்குது.

விளக்கு எங்கே நிற்குது?

பலர் கவனிக்காத ஒன்று: குரூப் போஸில் விளக்கு, அந்த நிமிஷம் கேமரா எங்கே இருக்கோ அங்கேதான் வந்து நிற்கும். நாம என்ன செய்யறோம்? கேரக்டருக்கு நேரே கேமராவை வச்சுக்கிட்டு, முதல் விளக்கு, இரண்டாவது, மூன்றாவது என்று மூணையும் அதே இடத்தில் வச்சிடறோம். கல்யாண வீட்டில் நெத்திக்கு நேரே ஃப்ளாஷ் அடிச்ச கதைதான். மூக்குக்கு நிழல் இல்லை, கன்னத்துக்கு மேடு பள்ளம் இல்லை. முகம் தட்டையாகிவிடும்.

செய்ய வேண்டியது ரொம்ப எளிசு. முதலில் கேமராவைக் கேரக்டரின் பக்கவாட்டுக்கு, கொஞ்சம் மேலே கொண்டு போங்க. அங்கே ஒரு விளக்கு வைங்க. பிறகு முதுகுப் பக்கம் போய், பலம் குறைந்த இன்னொன்று. அதுக்கப்புறம் படம் எடுக்கிற இடத்துக்குத் திரும்பி வாங்க. மூன்றாவது விளக்கு பெரும்பாலும் தேவைப்படாது. வைக்கும் முன்னால் ஒரு கேள்வி கேட்டுக்கலாம்: இந்த இடத்தில் வெளிச்சம் நிஜமாகவே எந்தப் பக்கத்திலிருந்து வருது? ஜன்னலா, தீப்பந்தமா, நிலாவா? நம்ம விளக்கும் அதே பக்கத்திலிருந்து, அதே நிறத்தில் வந்தால், விளக்கு வச்சதே தெரியாது.

வெளிச்சம்தான் முகம் என்பதற்கு இந்த கேமிலேயே ஒரு சாட்சி இருக்கு. 2024இல் ‘டான்ட்ரெயில்’ வருவதற்கு முன், புது கிராஃபிக்ஸைக் காட்ட ஏப்ரலில் ஒரு பெஞ்ச்மார்க் வெளியிட்டார்கள். அதில் தங்கள் கேரக்டரைப் பார்த்த பலர் ‘இது என் ஆள் இல்லை’ என்று கொதித்துப் போனார்கள். கேரக்டர் உருவாக்கும் திரையின் வெளிச்சம் உட்படப் பலதைத் திருத்தி, மே மாதம் மாற்றுப் பதிப்பு வந்தது. எத்தனையோ வருஷம் பழகின முகம் விளக்கு மாறினதும் அந்நியமாகிவிடுகிறது.

கறுப்புக்கு எதுக்கு மன்னிப்பு?

என் கேரக்டர் நல்ல கறுப்பு. வேண்டுமென்றே வைத்த நிறம், என் நிறத்துக்குப் பக்கத்தில். இருட்டான இடத்தில் எடுத்தால் முகம் தெரியாது. அதனால் ரொம்ப நாள் நேரே விளக்கை வைத்து, பிரகாசத்தையும் ஏற்றி எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் கூட ஆடுகிற ஒரு அக்காவுக்கு அப்படி ஒரு படத்தை அனுப்பினேன். “யாருடி இது? சாம்பல் பூசின மாதிரி இருக்கா?” என்றார்.

சுருக்குனு பட்டுச்சு. எங்க வீட்டுக் கல்யாண ஆல்பத்தில் ஸ்டுடியோக்காரர் ‘டச்சப்’ என்ற பேரில் எனக்குச் செய்ததை, நானே உட்கார்ந்து என் கேரக்டருக்குச் செய்திருக்கிறேன்.

கறுத்த தோலுக்கு வெளிச்சத்தின் அளவை விட அது வரும் திசை முக்கியம். பக்கவாட்டிலிருந்து வரும் ஒற்றை விளக்கு கன்ன எலும்பிலும் நெற்றி ஓரத்திலும் ஒரு பளபளப்பைக் கொடுக்கும். முகத்தின் வடிவத்தை அந்த மினுக்கமே காட்டிவிடும். பின்னாலிருந்து வருகிற விளக்கு தலைமுடியைப் பின்னணியிலிருந்து பிரித்துக் காட்டும். மீதி முகம் இருட்டாகவே இருக்கட்டும். அது அவள் நிறம்.

பின்னணி என்ன பாவம் செய்தது?

பின்னணியை மங்கலாக்குவது தப்பே இல்லை. லிம்சா லொமின்ஸா மாதிரி ஜனம் நெரியும் சதுக்கத்தில் வேறு வழியும் கிடையாது. 2022இல் வந்த ‘அட்வென்ச்சரர் ப்ளேட்’ போன்ற சின்ன அட்டைக்கு முகம் மட்டும் போதும். எல்லாப் படத்துக்கும் அதையே செய்வதுதான் என் குறை.

ஏன் என்று சொல்ல ஒரு பழைய கதை. இந்த கேமின் முதல் வடிவம் தோற்றுப்போய், 2012 நவம்பர் 11 அன்று அதன் சர்வர்களை மூடினார்கள். அதற்கு முந்தைய மாதங்களில் டாலமுட் என்ற சிவப்பு நிலா வானத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிசாகிக்கொண்டே வந்தது. கதைப்படி அது விழுந்து அந்த உலகம் அழியும். 2013இல் கேம் மறுபடி பிறந்தபோது அந்தப் பழைய உலகம் இல்லை. நான் அப்போது ஆடவில்லை. ஆனால் அன்றைக்கு ஆடினவர்கள் எடுத்த படங்களைப் பார்த்திருக்கிறேன். சாதாரணக் கவசம், சுமாரான போஸ், தலைக்கு மேலே அந்தச் சிவப்பு நிலா. அதைப் பார்த்ததும் ‘இவர் அங்கே இருந்தார்’ என்று புரிந்துவிடுகிறது. அவரே பின்னணியை மங்கலாக்கியிருந்தால் நமக்கு என்ன மிஞ்சியிருக்கும்? ஒரு சட்டை.

ஆன்லைன் கேமில் எந்த இடமும் நிரந்தரமில்லை. அதனால் இடத்தை விடாதீங்க. நேரத்துக்கும் காத்திருங்க. இந்த உலகத்தில் ஒரு முழு நாள் நமக்கு 70 நிமிஷம். அங்கே ஒரு மணி நேரம் இங்கே 2 நிமிடம் 55 விநாடி. அந்தி வெளிச்சம் வந்த சுருக்கில் போயிடும். நான் தவ்னைரில், யெட்லிமாத் மீனவர் துறையில், அதுக்காகவே உட்கார்ந்திருக்கிறேன். அங்கே யானைத்தலை மனிதர்கள் உண்டு. அவர்கள் பெயர் மாதங்கா. யானைக்குத் தமிழிலும் மாதங்கம் என்று ஒரு சொல் இருப்பது நினைவுக்கு வந்து தனியாகச் சிரித்தேன். காத்திருந்தால் இதெல்லாம் கண்ணில் படும்.

சும்மா நிற்காதே

கேரக்டரின் முகத்தையும் கண்ணையும் கேமரா பக்கம் திருப்ப வசதி இருக்கு. அதனாலேயே எல்லாரும் நம்மையே முறைத்துப் பார்க்கிறார்கள், பாஸ்போர்ட் போட்டோ மாதிரி. அதை அணைத்துப் பாருங்க. உட்காரவிடுங்க, தூங்கவிடுங்க, அரிசி உருண்டையைச் சாப்பிடவிடுங்க. அசைவு முடியும் முன்னே, கை பாதி வழியில் இருக்கும்போது நிறுத்துங்க. அந்த ஆளுக்கும் ஒரு வேலை இருக்கு என்று தெரியும்.

ஃபோல்டரில் கடைசியாக ஒன்றைத் தேடினேன். சாம்பல் என்று சொன்ன அந்த அக்கா ஆட்டத்தை விட்டு இரண்டு வருஷம் ஆச்சு. நண்பர் பட்டியலில் பேர் மட்டும் இருக்கு. எத்தனையோ ராத்திரி சேர்ந்து ஆடியிருக்கோம். ஆயிரம் படத்தில் அவர் கேரக்டர் இருப்பது நாலில். மூன்றில் என் தோளுக்குப் பின்னால் மங்கலான ஒரு மஞ்சள் திட்டாக நிற்கிறார். மஞ்சள் அங்கி அவருடையது என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

நாலாவது, சண்டை ஆரம்பிக்கும் முன் கைதவறி பிரிண்ட் ஸ்க்ரீன் அழுத்தினது. விளக்கு கிடையாது, பாதி திரையில் பட்டன்கள். அவர் என் பக்கம் முதுகைக் காட்டி, கதவைப் பார்த்து நிற்கிறார். எப்பவும் முதலில் உள்ளே போவது அவர்தான்.

இடம் வேண்டி எழுநூறு படத்தை அழித்தேன். அது இருக்கு.