கைக்குழந்தையோடு முனைவர் பட்டம்: இங்கேயும் இலங்கையிலும்

தமிழ்நாட்டில் தனியார் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே பகுதிநேரமாக முனைவர் பட்ட ஆய்வு செய்ய நினைக்கும் பெண் முதலில் வாங்க வேண்டியது நிர்வாகத்தின் தடையின்மைச் சான்று. என்.ஓ.சி. என்றால்தான் எல்லோருக்கும் புரியும். இவருடைய வேலை ஆய்வுக்குப் போதிய நேரம் தருகிறது, தேவைப்பட்டால் கோர்ஸ் ஒர்க் முடிக்க வேலையிலிருந்து விடுவிப்போம் என்று அதில் எழுதித்தர வேண்டும் என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் விதி. கையெழுத்து கிடைத்துவிடும். விடுவிப்பதுதான் பெரும்பாலும் நடப்பதில்லை.

இருந்தாலும் அந்த விதிகளைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. 2022 விதிகளின்படி ஆய்வை மூன்று ஆண்டுக்கு முன்னால் முடிக்க முடியாது. ஆறு ஆண்டுக்குள் முடித்தாக வேண்டும். மறுபதிவு செய்தால் இரண்டு ஆண்டு கூடும், பெண்களுக்கு அதற்கு மேலும் இரண்டு. ஆக மொத்தம் பத்து ஆண்டு. பேறுகாலத்துக்கோ குழந்தையைப் பார்த்துக்கொள்ளவோ 240 நாள் விடுப்பும் உண்டு. இடையில் பிள்ளை பிறந்ததால் பதிவு ரத்தாகிவிடுமோ என்று பயந்து வந்த மாணவிகளுக்கு, நெறியாளராக, அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டியிருக்கிறேன். ஒரு தாய் படிப்பை விட்டுவிடாமல் இருக்க அது உதவியிருக்கிறது.

ஆனால் ஆண்டுகள் கூடுகிற அளவுக்குப் பணம் கூடுவதில்லை. இளநிலை ஆய்வாளருக்கான ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை 2023இலிருந்து மாதம் 37,000 ரூபாய். அது முழுநேர ஆய்வாளருக்குத்தான். பகுதிநேரத்தில் படிப்பவர் தன் சம்பளத்திலிருந்து ஆண்டுக் கட்டணம் கட்டுகிறார். சுயநிதிக் கல்லூரிச் சம்பளம் எவ்வளவு என்பது ஊரறிந்த விஷயம். வேலையையும் விட முடியாது, குழந்தையையும் விட முடியாது என்றால் மிச்சமிருப்பது தூக்கம்தான். பிள்ளை கண்ணயர்ந்த பிறகு பத்தரை மணிக்கு லேப்டாப்பைத் திறந்து அடிக்குறிப்புகளைச் சரிபார்க்க உட்காருகிறாள். உள்ளறையில் பிள்ளை இருமினால் அந்த இரவு அத்தோடு போயிற்று.

இலங்கையில் அரசுப் பல்கலைக்கழக விரிவுரையாளரின் நிலை வேறு. முதலில் தகுதிகாண் விரிவுரையாளராகத்தான் சேர்க்கிறார்கள். குறித்த காலத்துக்குள் உயர்பட்டம் முடித்தால்தான் பதவி நிரந்தரமாகும். அதற்காகச் சம்பளத்தோடு கற்கை விடுமுறை கொடுக்கிறார்கள். திரும்பி வந்து வேலை செய்வேன் என்று ஒப்பந்தம் எழுத வேண்டும், பிணை நிற்க ஆள் வேண்டும்; வராவிட்டால் பணத்தைக் கட்ட வேண்டும். கடுமையான ஏற்பாடு என்று சொல்வார்கள். எனக்கு அது பொறாமையாகத்தான் இருக்கிறது. படிப்பது உன் வேலையின் ஒரு பகுதி என்று ஒரு நிறுவனம் ஏற்றுக்கொண்டு அதற்குச் சம்பளமும் தருவது சின்ன விஷயமில்லை.

அந்த விடுமுறைக்கு விலை தூரம். பட்டம் பலருக்கு வெளிநாட்டில்தான்: பிரிட்டன், ஆஸ்திரேலியா, ஜப்பான், இல்லாவிட்டால் இந்தியா. வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டுகளும் பிள்ளை பெறும் ஆண்டுகளும் ஒன்றாகவே வருகின்றன. இந்திய அரசின் உதவித்தொகையில் யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே வந்த ஒரு விரிவுரையாளர், நான்கு வயது மகளை அம்மம்மாவிடம் விட்டுவிட்டு வந்திருந்தார். மாலையில் துறை நூலகத்தின் வாசல் படியில் உட்கார்ந்து வீடியோ அழைப்பில் அந்தக் குழந்தைக்கு எழுத்து சொல்லிக்கொடுப்பார். "கொப்பியைத் திருப்பிப் பிடியுங்கோ பிள்ளை, அம்மாவுக்குத் தெரியேல்லை." படம் உறைந்து நின்றுவிடும். மறுபடி அழைப்பார். 'ஈ' எழுதச் சொல்லிக்கொடுக்க ஒரு வாரம் ஆனது. 2022 பொருளாதார நெருக்கடியில் டாலர் இருநூறு இலங்கை ரூபாயிலிருந்து முந்நூற்று அறுபதை எட்டியபோது ஊரிலிருந்து வரும் சம்பளத்தின் மதிப்பும் சரிந்தது. போய்ப் பார்த்துவிட்டு வரும் யோசனையைக் கைவிட்டார்.

பல்கலைக்கழகத்துக்கு வெளியே, இலங்கைப் பள்ளிக்கூட ஆசிரியைகளின் கதை நம் ஊர்க் கதைக்குக் கிட்டே வருகிறது. 1945இல் அங்கே கல்வி அமைச்சராக இருந்த கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி முதல் பட்டம் வரைக்கும்தான். முதுமாணிக்கு, அதாவது முதுகலைக்கு, காசு கட்டித்தான் படிக்க வேண்டும். வகுப்புகள் சனி, ஞாயிறு. அட்டனிலிருந்து பேராதனைக்குப் பஸ் பிடித்து வரும் ஆசிரியைக்கு ஓய்வுநாள் என்று ஒன்று கிடையாது. வகுப்புக்கு வெளியே மரத்தடி பெஞ்சில் சுடுதண்ணீர்ப் போத்தலும் பேரப்பிள்ளையுமாக ஒரு அம்மம்மா காத்திருப்பார். இடைவேளையில் தாய் ஓடி வந்து பால் கொடுப்பாள். பிள்ளையை வீட்டில் விட்டு வந்தவளுக்கோ மூன்றாவது மணிநேரத்தில் பால் கட்டிக்கொள்ளும். பீய்ச்சி எடுக்கக் கழிப்பறையைத் தவிர இடமில்லை. மதுரையிலும் திருநெல்வேலியிலும் கோர்ஸ் ஒர்க் தேர்வு எழுதிய என் மாணவிகள் சொன்னதும் இதையேதான்.

பேறுகால விடுப்பில் நாம் முன்னே நிற்கிறோம். தமிழ்நாடு அரசு ஊழியருக்கு 2021 முதல் பன்னிரண்டு மாதம், தனியாருக்கு 2017 முதல் 26 வாரம். இலங்கை அரசுப் பணியில் முழுச் சம்பளத்தோடு 84 வேலைநாள், பிறகு அரைச் சம்பளத்தில் 84 நாள், சம்பளமில்லாமல் 84 நாள். இரண்டு நாட்டிலும் கைக்குழந்தைக்காரி ஆய்வைத் தள்ளிவைக்கிறாள். கைக்குழந்தைக்காரன் தள்ளிவைத்து நான் பார்த்ததில்லை. அவன் ஆய்வேட்டின் நன்றியுரையில் மனைவியின் பெயர் வரும், அவ்வளவுதான்.

இலங்கையிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தச் சம்பள விடுப்பை. புதிதாகக் கண்டுபிடிக்க ஒன்றுமில்லை. மானியக் குழுவின் ஆசிரியர் மேம்பாட்டுத் திட்டத்தில் அரசு, உதவிபெறும் கல்லூரி ஆசிரியர்களுக்குச் சம்பளத்தோடு விடுப்பும், வகுப்பெடுக்க மாற்று ஆசிரியரும் கிடைத்த காலம் இருந்தது. சுயநிதிக் கல்லூரி ஆசிரியைக்கு அது அப்போதும் எட்டவில்லை. ஆய்வேட்டை எழுதி முடிக்கும் கடைசி ஆறு மாதத்துக்காவது அவளை விடுவித்தால், பத்து ஆண்டு இழுக்கும் வேலை ஆறில் முடியும்.

அங்கிருந்து வருகிறவர்களுக்கு நாம் செய்யக்கூடியது இதைவிட எளிது. திருமணமான ஆய்வாளர் குழந்தையோடும் ஒரு பாட்டியோடும் தங்குவதற்கு விடுதியில் சமையலறையுள்ள நான்கு அறைகளை ஒதுக்கலாம். எங்கள் வளாகத்துக்குப் பக்கத்துத் தெருவிலேயே பால்வாடி இருக்கிறது. அந்த நான்கு வயதுக் குழந்தைக்கு அங்கே இடம் கிடைத்திருக்கும்.