இடறும் யாத்திரிகனும் இடறாத காப்பியமும்

திருவனந்தபுரத்தின் கரமனை ஆற்றுப் பாலத்தைக் கடந்து தெற்கே போகும் சாலை நெய்யாற்றின்கரை, நாகர்கோவில் வழியாகத் திருநெல்வேலிச் சீமைக்குப் போகிறது. ரயில் வராத காலத்தில் தென்பாண்டித் தமிழ் திருவனந்தபுரத்துக்கு வந்த பெருவழி இது. 1880களின் பிற்பகுதியில் இந்நகரின் மகாராஜா கல்லூரியில் தமிழ் கற்பித்தார் திருநெல்வேலிக்காரரான எச். ஏ. கிருஷ்ண பிள்ளை. 1827இல் வைணவக் குடும்பத்தில் பிறந்து கம்பனில் ஊறி வளர்ந்தவர். 1858இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்றவர். அவரது ‘இரட்சணிய யாத்திரிகம்’ 1894இல் நூலாயிற்று. குறையோடு வாழும் மனிதன் விசுவாசத்தில் எப்படி வளர்கிறான் என்ற கேள்விக்குத் தமிழில் எழுந்த மிகப் பெரிய பதில் அந்நூல். அது சரியான பதில்தானா?

இரட்சணிய யாத்திரிகத்தின் மூலநூல் ஜான் பனியன் எழுதிய ஆங்கில உரைநடைக் கதை, 1678இல் வெளிவந்தது. பாத்திரங்களைப் பழுதுபார்த்துப் பிழைத்தவர் பனியன்; அனுமதியின்றிப் பிரசங்கித்ததற்காகப் பன்னிரண்டு ஆண்டுகள் சிறையில் கிடந்தார். அவர் படைத்த யாத்திரிகனின் பாவச்சுமை சிலுவையடியில் கழன்று விழுகிறது. கதை அங்கே முடிந்திருந்தால் அது வெறும் மனமாற்றக் கதை. பனியனின் மேதைமை அதற்குப் பிறகுதான் தெரிகிறது. மன்னிப்புப் பெற்றவன் மலைச்சரிவில் தூங்கிப்போய்த் தன் அனுமதிச் சுருளைத் தொலைக்கிறான். நடக்கச் சுகமாக இருக்கிறதென்று பக்கப்பாதையில் இறங்கி, விரக்தி என்னும் அரக்கனின் கோட்டையில் அகப்படுகிறான். அந்தச் சிறையைத் திறக்கும் ‘வாக்குத்தத்தம்’ என்ற சாவி அதுவரை அவன் மடியிலேயே இருந்திருக்கிறது! தான் இன்னும் தேறினவன் அல்ல என்று பிலிப்பியருக்கு எழுதிய பவுலின் மனநிலை இதுவே.

கிருஷ்ண பிள்ளை கதையை விடவில்லை. ஆனால் அதற்குக் காப்பியக் கோலம் அணிவித்தார். நாடும் நகரும் வருணனை பெறுகின்றன, செய்யுள் கம்பீரமாக நடக்கிறது. காப்பியம் கேட்பது தன்னிகரில்லாத தலைவனை. பனியன் தருவது சேற்றில் விழுந்து எழும் சாமானியனை. விருத்தத்தின் மிடுக்கில் அந்தச் சாமானியனின் தடுமாற்றம்கூட வீரச்செயல்போல் ஒலிக்கிறது. நூலின் ஆகப்பெரிய குறையாக இதையே சொல்வேன். ஏழைகளும் வாசித்த எளிய உரைநடை, உரையாசிரியர் துணையின்றி நுழைய முடியாத செய்யுளானது அடுத்த இழப்பு.

நூலின் ஒரு பகுதியான குமார பருவத்தில் கிறிஸ்துவின் பாடுகளை விரித்துப் பாடியது கதையோட்டத்தைத் தடுக்கிறது என்று ஒருவர் வாதிடலாம். நான் ஏற்கமாட்டேன். தன் முயற்சியால் மட்டும் ஏற முடியாதவன் எதைப் பற்றிக்கொண்டு ஏறுகிறான் என்பது தெரியாமல் யாத்திரையே விளங்காது. அதைவிட உயர்ந்தவை இடையிடையே வரும் ‘தேவாரங்கள்’ என்னும் இசைப்பாடல்கள். அங்கே கதைமாந்தன் விலக, கவிஞரே பாவியாக நின்று பேசுகிறார். ஆழ்வார்களின் நைச்சியமும் வைணவத்தின் சரணாகதியும் அவர் குருதியில் இருந்தன. தகுதியின்மையை மறைக்காமல் அதையே விண்ணப்பமாக்கும் வழக்கம் அவர் வெளியிலிருந்து கற்றதல்ல. அதனாலேயே அப்பாடல்களில் உயிர் இருக்கிறது.

ஆனால் ஆபத்தும் அங்கேதான். நான் பாவி, கடையேன் என்று பொதுவாகச் சொல்வது எளிது. மாறாக, திருச்சபைத் தந்தை அகுஸ்தீன் தாம் பதின்வயதில் திருடிய பேரிக்காய்களைக் குறிப்பிட்டே அறிக்கையிட்டார். கிருஷ்ண பிள்ளையின் அறிக்கை பெரும்பாலும் பெயரில்லாத பாவத்தைச் சுற்றியே நிற்கிறது. வளர்ச்சிக்கு வேண்டியது குறிப்பான மனஸ்தாபம்: யாரிடம் பொய் சொன்னேன், யார் கூலியைப் பிடித்துவைத்தேன், யாரைச் சாதி பார்த்து ஒதுக்கினேன் என்பது. இன்றைய சபைகளின் பாவ அறிக்கையும் இதே பொதுமையில் நின்றுவிடுவதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

ஆக, யாத்திரிகனின் போராட்டத்தை அறியப் பனியனே மேல். அவனைத் தாங்கும் கிருபையை உணரக் கிருஷ்ண பிள்ளையே மேல். காப்பியம் முழுவதையும் வாசிக்க இயலாதவர்கள் குமார பருவத்திலும் தேவாரங்களிலும் தொடங்கலாம். தமிழ்ச் சபைகள் அவ்விரு பகுதிகளையாவது எளிய உரையோடு அச்சிட்டு வாசகர் கையில் சேர்க்க வேண்டும்.