தாழை நடவு: வான் தீவு தரும் பாடம்

தூத்துக்குடிக்கு எதிரே உள்ள வான் தீவு 1986இல் சுமார் 16 ஹெக்டேர் பரப்பில் இருந்தது. 2014இல் மிஞ்சியது ஏறத்தாழ இரண்டு ஹெக்டேர். சுண்ணாம்புக்காகப் பல பத்தாண்டுகள் பவளப்பாறையை வெட்டி எடுத்ததில், அலையை உடைத்து வந்த அரண் போனது. அதன் பின்னால் மணலும் போனது. பக்கத்து விலாங்குச்சல்லி ஏற்கெனவே நீருக்குள் மூழ்கிவிட்டது. எஞ்சியதைக் காக்க நடந்த பணிகளில் ஒன்று, மீனவர்கள் தாழை என்று சொல்லும் கடற்புல்லை நடுவது. தாழையின் இலை நீரோட்டத்தின் வேகத்தைக் குறைக்கும். மண்ணுக்குள் கிடையாக ஓடும் தண்டும் வேரும் மணலைப் பிடித்துவைக்கும். தரையில் அரிப்பைத் தடுக்கப் புல் வளர்ப்பதற்குச் சொல்லும் அதே காரணம்தான் கடலடியிலும். ஆனால் இங்கே புல்லை விதைப்பதில்லை, நாற்றாகத்தான் நடுகிறார்கள். இது சரிதானா?

தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் கையாளும் முறையில், அடர்ந்த தாழைப் பரப்பிலிருந்து செடிகளைத் தண்டோடும் வேரோடும் பெயர்த்து எடுக்கிறார்கள். பிவிசி குழாய்ச் சட்டத்தில் சணல் கயிறு கட்டி, அதில் செடிகளைப் பிணைத்து, வெறும் மணலாகிப்போன தரையில் பதிக்கிறார்கள். தலாசியா, சைமோடோசியா, சிரிங்கோடியம் ஆகிய பேரினங்களைச் சேர்ந்த உள்ளூர்த் தாழைகளே இதற்குப் பயன்படுகின்றன. வடக்கே பாக் விரிகுடாவில் ஓம்கார் அறக்கட்டளை மூங்கில் சட்டத்தையும் தென்னைநார்க் கயிற்றையும் கொண்டு இதே வேலையைச் செய்திருக்கிறது.

இந்த முறையின் பலம் வெளிப்படையானது. பெயர்த்த தண்டில் சேமித்த உணவு இருப்பதால், புது இடத்தில் வேர் பிடிக்கும்வரை செடி தாக்குப்பிடிக்கும். கயிற்றில் கட்டியிருப்பதால் நீரோட்டம் எளிதில் அள்ளிச் செல்லாது. சணல் மட்கும்போது செடி தன் வேரிலேயே நின்றுகொள்ளும். எந்த இனத்தை எங்கே நட்டோம், எத்தனை பிழைத்தன என்று சட்டம் சட்டமாகக் கணக்கெடுக்கவும் முடியும்.

பலவீனங்களும் அதே முறைக்குள்தான் இருக்கின்றன. ஓரிடத்தில் நடுவதற்கு இன்னோரிடத்தில் பிடுங்க வேண்டும். கொடுக்கும் பரப்பு மீண்டும் மூடுகிறதா என்பதையும் பெறும் பரப்பைப் போலவே கண்காணித்தாக வேண்டும். ஒவ்வொரு செடியும் கையால் கட்டி, முக்குளித்துப் பதிக்கப்படுவதால், வேலை ஏக்கர் கணக்கைத் தாண்டி விரிவது கடினம். ஒரே தாய்ச்செடியின் துண்டுகளாக நட்டால், கடல் வெப்பம் ஏறும் ஆண்டில் எல்லாம் ஒன்றாகச் சாகும் வாய்ப்பு உண்டு. சட்டத்தைத் திரும்ப எடுக்காவிட்டால் கடலடியில் பிளாஸ்டிக் சேரும். இந்த ஒன்றில் மூங்கிலே மேல்.

விதைப்பு இவற்றில் பலவற்றைத் தீர்க்கும் என்பதற்கு அமெரிக்காவின் வர்ஜீனியா கடலோரம் சான்று. 1930களில் ஒரு நோயும் 1933இல் வந்த புயலும் அங்கிருந்த ஈல்புல் என்ற கடற்புல்லைத் துடைத்துவிட்டன. வர்ஜீனியா கடல் அறிவியல் நிறுவனத்தினர் 1999 முதல் சுமார் இருபது ஆண்டுகளில் ஏழு கோடிக்கும் மேற்பட்ட விதைகளைத் தூவினார்கள். 3,600 ஹெக்டேரில் புல் பரவியது. விதைகளில் மிகச் சிறு பங்குதான் செடியானது. ஆனாலும் அந்தச் செடிகள் தாமே விதைத்துப் பரப்பை விரித்தன. விதை சுமக்கும் தண்டு எப்படியும் காய்த்தபின் மடியக்கூடியது. அதை அறுப்பதால் தாய்ப்பரப்புக்குப் பெரிய இழப்பில்லை.

அதை அப்படியே மன்னார் வளைகுடாவுக்குக் கொண்டுவர முடியாது. ஈல்புல் ஒரே பருவத்தில், ஒரே தண்டில் ஏராளமாக விதை தரும். அந்த விதையைத் தொட்டிகளில் மாதக்கணக்கில் வைத்திருக்கலாம். நம் தலாசியாவின் விதைக்கு உறக்கநிலை இல்லை; காயை விட்டு வெளியேறியதுமே முளைக்கத் தொடங்கும், சேமிக்க இயலாது. சைமோடோசியா இலையடியில் காய்க்கிறது. அதன் விதை தாய்ச்செடியின் காலடி மணலிலேயே புதைகிறது. அறுவடை செய்ய வேண்டுமானால் தரையைத் தோண்ட வேண்டும். விதைக்காகத் தோண்டுவதும் நாற்றுக்காகப் பெயர்ப்பதும் தாய்ப்பரப்புக்கு ஒன்றுதான். ஆகவே இங்கே நாற்றைத் தேர்ந்ததை அறியாமை என்று சொல்ல முடியாது. செடியின் இயல்பே அதற்கு நியாயம்.

என் குறை வேறு. நாற்றா விதையா என்பதற்கு முந்திய கேள்வி, அந்த இடம் ஏன் வெறுமையானது என்பது. வர்ஜீனியாவில் விதை பிடித்ததற்குக் காரணம் விதை மட்டும் அல்ல: நோய் நீங்கியிருந்தது, நீர் தெளிவாக இருந்தது, விதை வந்து சேராததுதான் குறை. வான் தீவில் 2015 முதல் கான்கிரீட் செயற்கைப் பாறைகள் கடலில் இறக்கப்பட்டு, அலையின் வேகம் தணிக்கப்பட்டது. புல் தீவைக் காத்தது என்று மட்டும் சொன்னால் அது பாதி உண்மை. புல் நிற்க இடம் கொடுத்தது அந்தத் தடுப்பு. அலையும் மடியும் சுரண்டும் தரையில் நட்டது, நாற்றானாலும் விதையானாலும், நிற்காது.

மடி என்றது இழுவைமடியையும் தள்ளுமடியையும். கரையோர நீரை நாட்டுப்படகுகளுக்கு ஒதுக்கும் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983இலேயே வந்துவிட்டது. அது முழுமையாக நடைமுறையானால், ஓரத்தில் உயிருள்ள தாழை மிஞ்சியிருக்கும் இடங்களில் தண்டு தானாகவே ஓடி வெறுமையை மூட வாய்ப்புண்டு. அங்கே நடவுக்குச் செலவழிப்பது வீண். ஆனால் சட்டத்தை நடத்துவது விசைப்படகுக்காரரோடு மோதுவது. நடவு யாரோடும் மோதாதது, படம் எடுக்கத் தோதானது. நடவு முதல் வேலையாகிவிடும் ஆபத்து இங்கேதான்.

எனவே வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் சுரண்டலையும் கலங்கலையும் நிறுத்துவது. அடுத்து, சில ஆண்டுகள் தானே மூடுகிறதா என்று பார்ப்பது. பக்கத்தில் தாய்ப்பரப்பே இல்லாத, அலை தணிந்த இடத்தில் மட்டும் நாற்று நடுவது. நட்ட பரப்பை அல்ல, ஐந்தாண்டுக்குப் பின் நின்ற பரப்பைக் கணக்காகக் காட்டுவது. இதற்கிடையே எந்தத் தாழை எந்த மாதம் பூத்துக் காய்க்கிறது என்ற நாட்காட்டி ஒன்று தயாராக வேண்டும். 1961க்குப் பின் முத்துக்குளிப்பு நின்றுபோன இந்தக் கரையில் சங்கு குளிப்பவர்கள் இன்னும் கடலடிக்குப் போய்வருகிறார்கள்; அந்த வேலையைக் கூலியோடு அவர்களிடம் ஒப்படைக்கலாம். விதைப்பு இங்கே சாத்தியமா என்பதற்கு அதன் பிறகுதான் விடை கிடைக்கும்.