எரேமியா 29:11 – பத்தாம் வசனத்தை யார் வாசிப்பது?

புத்தாண்டு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது வாக்குத்தத்த அட்டைகளைத் தட்டில் நீட்டுவார்கள். ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த வருஷம் அம்மா எடுத்தது எரேமியா 29:11. கர்த்தர் தம்முடைய ஜனத்தைக் குறித்து நல்லதையே நினைத்திருக்கிறார் என்று சொல்லும் வசனம். அப்பா அப்போது ஆஸ்பத்திரியில். அட்டையை அவர் தலையணைக்கு அடியில் வைத்தோம். மார்ச்சில் அப்பா போய்விட்டார்.

"அப்போ எனக்கு வந்த வசனம் பொய்யா?" என்று அம்மா கேட்டார். பதில் தெரியவில்லை. அன்றைக்குத்தான் 27 முதல் 29 வரை மூன்று அதிகாரங்களையும் ஒன்றாக வாசித்தேன்.

என் வேலையில், லாக் ஃபைலில் ஒரே ஒரு வரியை மட்டும் தேடி எடுத்துக்கொண்டு 'பிரச்சினை இதுதான்' என்று சொல்பவரை யாரும் நம்ப மாட்டோம். மேலே என்ன இருக்கு என்றுதான் முதலில் கேட்போம். இங்கே மேலே இருப்பது பத்தாம் வசனம்: எழுபது வருஷம்!

இது ஒரு கடிதம். கி.மு. 597-இல் எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா அனுப்பியது. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணுங்கள், அந்த ஊருக்காக ஜெபியுங்கள் என்கிறது (5-7). முப்பது வயதில் போனவருக்கு எழுபதைக் கூட்டிப் பாருங்கள். அவர் திரும்பி வரப்போவதில்லை.

28-ஆம் அதிகாரத்தில் அனனியா வருகிறான். இரண்டே வருஷத்தில் எல்லோரும் திரும்பிவிடுவார்கள் என்று ஆலயத்திலேயே சொல்லி, எரேமியாவின் கழுத்தில் இருந்த நுகத்தை எடுத்து உடைக்கிறான். கேட்க இனிமையாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அவனைப் பொய் சொன்னவன் என்கிறது வேதம். நம்முடைய அட்டை செய்வது என்ன? எரேமியாவின் வசனத்தை எடுத்து அனனியாவின் செய்தியைச் சொல்ல வைக்கிறது.

இன்னொன்று. நம் தமிழ் வேதாகமத்தில் தேவன் ஒரு தனி மனிதனிடம் பேசினால் 'நீ' என்றுதான் பேசுவார். இங்கே இருப்பதோ 'நீங்கள்'. மரியாதைப் பன்மை அல்ல, ஒரு ஜனக்கூட்டம். எபிரெயுவிலும் பன்மைதான்.

அப்படியானால் இது நமக்கு இல்லவே இல்லை என்று சிலர் முடித்துவிடுகிறார்கள். அதையும் ஏற்க முடியவில்லை. இந்த எழுபது வருஷக் கணக்கை வாசித்த ஒருவரை வேதமே காட்டுகிறது: தானியேல் (9:2). அவர் 'இது என் வாக்குத்தத்தம்' என்று உரிமை கொண்டாடவில்லை. உபவாசித்து, இரட்டுடுத்தி, தன் ஜனத்தின் பாவத்தைத் தன் பாவமாக அறிக்கையிட்டார். கோரேசின் மூன்றாம் வருஷத்திலும் அவர் அந்நிய தேசத்தில் இதெக்கேல் ஆற்றங்கரையில்தான் நிற்கிறார் (10:1-4). வாக்குத்தத்தம் கைக்கு வராமலே விசுவாசத்தோடு மரித்தவர்களைப் பற்றி எபிரெயர் 11:13 பேசுகிறது. இவற்றையெல்லாம் சேர்த்து வாசித்தால் வசனம் சிறுத்துப்போவதில்லை. நம் ஆயுசைவிட அது பெரிதாக இருக்கிறது, அவ்வளவுதான்.

அட்டை எடுப்பது தப்பு என்று சொல்ல வரவில்லை. எடுத்த கையோடு முந்தின அதிகாரத்தையும் பிந்தின அதிகாரத்தையும் வாசித்துவிடுங்கள். அரைமணி நேரம் ஆகும்.

இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்போ அந்தக் கடுதாசியை வாசிச்சவங்கள்ல முக்கால்வாசிப் பேரு அங்கேயேதான் செத்திருப்பாங்க, இல்லையா?" என்றார்.

"ஆமாம்மா."

"இதை முதல்லயே யாராவது சொல்லியிருக்கலாம்ல."